ஐம்பதாயிரம் ரூபாய்க்குள் பழைய பைக்: தேடுவது முதல் ஆர்.சி. உங்கள் பெயருக்கு வரும் வரை

தமிழ்நாட்டில் தினமும் வேலைக்குப் போய்வர, கையில் இருக்கும் நாற்பதாயிரம் ஐம்பதாயிரம் ரூபாய்க்குள் ஒரு பழைய பைக் வாங்க நினைக்கிறவருக்குக் கிடைக்கும் ஆலோசனையில் முக்கால்வாசி எந்த மாடல் நல்லது, எது எவ்வளவு மைலேஜ் கொடுக்கும் என்பதாகவே இருக்கும். பைக்கைத் தேர்ந்தெடுப்பதில் எனக்குப் பெரிய சிரமம் இருக்கவில்லை. கடனை முழுவதும் கட்டி முடித்திருந்தும் அந்தக் கடன் பதிவை ஆர்.சி.யிலிருந்து, அதாவது வண்டியின் பதிவுச் சான்றிலிருந்து, நீக்காமல் விட்டிருந்த ஒரு வண்டியை என் பெயருக்கு மாற்றத்தான் நெடுநாள் அலைய வேண்டியிருந்தது. என்ஜினில் உள்ள குறையைப் பணம் கொடுத்துச் சரிசெய்துகொள்ளலாம். ஆவணத்தில் உள்ள குறையைத் தீர்க்க, பணம் வாங்கிக்கொண்டு போய்விட்ட இன்னொருவரின் கையெழுத்தும் கைபேசியும் தேவைப்படும். ஆகவே இந்த வழிகாட்டியில் ஆவணங்களுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். முதல்முறை வாங்குகிறவர் இந்த வரிசையை மாற்றாமல் செய்வது நல்லது.

1. முதலில் பணத்தைப் பிரித்து வையுங்கள்

உங்களிடம் ஐம்பதாயிரம் ரூபாய் இருந்தால், வண்டிக்கு நாற்பதாயிரத்துக்கு மேல் பேசாதீர்கள். வாங்கிய முதல் மாதத்திலேயே ஆயில், செயின் ஸ்ப்ராக்கெட், பிரேக் ஷூ, பேட்டரி, டயர் ஆகியவற்றுள் இரண்டு மூன்றையாவது மாற்ற வேண்டிவரும். பேட்டரி ஆயிரம் ரூபாய்க்கு மேல், செயின் ஸ்ப்ராக்கெட் செட் ஆயிரத்துக்கும் இரண்டாயிரத்துக்கும் இடையில், டயர் ஒன்று ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் என்று கணக்கு வைத்தால் ஆறாயிரம் ஏழாயிரம் ரூபாய் மெக்கானிக் கடையிலேயே போய்விடும். மீதியில் காப்பீடும் பெயர் மாற்றமும் அடங்க வேண்டும்.

பெயர் மாற்றத்துக்கான அரசுக் கட்டணம் பலர் அஞ்சுகிற அளவுக்குப் பெரிது அல்ல. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி பைக்குக்குப் பெயர் மாற்றக் கட்டணம் 150 ரூபாய், ஸ்மார்ட் கார்டுக்கு 200 ரூபாய். இவற்றுடன் சேவைக் கட்டணமும் அஞ்சல் செலவும் சேரும். இடைத்தரகர் கேட்கும் தொகை இதைப்போலப் பல மடங்கு இருக்கும். நேரமில்லாதவர் அவரிடம் கொடுப்பதில் தவறு காண மாட்டேன், ஆனால் எது அரசுக் கட்டணம், எது அவருடைய கூலி என்பதைத் தெரிந்துகொண்டு கொடுங்கள்.

புது வண்டியின் விலையையும் ஒருமுறை விசாரித்துவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. புது வண்டி விலை இறங்கினால் பழைய வண்டியின் விலையும் இறங்கியாக வேண்டும். விற்பவர்களில் பலர் இன்னும் பழைய கணக்கிலேயே விலை சொல்வதால், இரண்டு வருடம் ஓடிய வண்டிக்கும் புது வண்டிக்கும் இடையிலான வித்தியாசம் சில நேரம் மிகக் குறைவாக இருக்கும்; அப்படிப்பட்ட வண்டியை வாங்குவதில் பொருளில்லை.

2. உங்கள் தெரு மெக்கானிக்கிடம் கேட்டு மாடலை முடிவுசெய்யுங்கள்

எந்த வண்டியின் உதிரிபாகம் உங்கள் ஊர்க் கடையில் உடனே கிடைக்கிறதோ, எந்த என்ஜினை உங்கள் தெருமுனை மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவாரோ, அதுவே உங்களுக்கு நல்ல மாடல். பெரும்பாலான ஊர்களில் இந்தத் தகுதி ஹீரோ ஸ்ப்ளெண்டர் பிளஸ், ஹெச்.எஃப். டீலக்ஸ், பேஷன் புரோ, பஜாஜ் பிளாட்டினா, டி.வி.எஸ். ஸ்டார் சிட்டி பிளஸ், ஹோண்டா ஷைன் ஆகிய வண்டிகளுக்கு உண்டு.

ஸ்ப்ளெண்டருக்குக் கேட்பவர் அதிகம் என்பதால் பழைய வண்டிச் சந்தையில் அதன் விலை எப்போதும் ஒரு படி மேலேயே நிற்கும். அதே 97.2 சிசி அளவுள்ள என்ஜினுடன் வரும் ஹெச்.எஃப். டீலக்ஸ் குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஸ்ப்ளெண்டருக்குக் கொடுக்கிற அதே பணத்தில் பிளாட்டினாவோ ஸ்டார் சிட்டியோ இரண்டு மூன்று வருடம் இளைய வண்டியாகவே அமையும், பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. நாள்தோறும் இருவராகப் போகிறவர்களும் மேம்பாலங்களும் புறவழிச்சாலையும் உள்ள பாதையில் போகிறவர்களும் 125 சிசி ஷைனையோ 150 சிசி யூனிகார்னையோ பார்க்கலாம். பல்சர் 150 நல்ல வண்டிதான். ஆனால் முரட்டுத்தனமாக ஓட்டப்பட்ட வண்டிகள் அந்த வகையில் அதிகம் வருவதால் என்ஜினையும், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கையும் இரட்டிப்புக் கவனத்துடன் பார்க்க வேண்டும். டிஸ்கவர் வகை வண்டிகளின் தயாரிப்பு நின்றுவிட்டதால் அவை மலிவாகக் கிடைக்கும், ஆனால் பிளாஸ்டிக் பாகங்களுக்கும் மீட்டருக்கும் போகப் போகத் தேட வேண்டியிருக்கும். யமஹா ஆர்.எக்ஸ். 100 மேல் ஆசை இருந்தால் அதைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். 1996இல் தயாரிப்பு நின்ற வண்டி அது. இன்று அதற்குச் சொல்லப்படும் விலை ஆசைக்கான விலை, தினசரிப் பயணத்துக்கானது அல்ல.

3. எந்த ஆண்டு வண்டி என்பதைத் தீர்மானியுங்கள்

புகை வெளியீட்டுத் தரநிலையைக் குறிக்கும் பி.எஸ். எண்ணின்படி, 2017 ஏப்ரல் முதல் 2020 மார்ச் வரை விற்றவை பி.எஸ்.4 வண்டிகள், 2020 ஏப்ரலுக்குப் பிந்தையவை பி.எஸ்.6. நூறு சிசி பிரிவில் பி.எஸ்.4 வரை கார்புரேட்டர் இருந்தது, பி.எஸ்.6இல் எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்ஷன் முறை பரவலாக வந்துவிட்டது. இன்ஜெக்ஷன் வண்டி காலையில் சோக் இல்லாமல் கிளம்பும், ஆனால் சென்சாரோ பம்ப்போ பழுதானால் சாதாரண மெக்கானிக்கால் பார்க்க இயலாமல் போகலாம், செலவும் கூடும். கார்புரேட்டர் வண்டிக்கு அந்தக் கவலை இல்லை. 2019 ஏப்ரலுக்குப் பிந்தைய வண்டிகளில் 125 சிசி வரை இரு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் சி.பி.எஸ். வசதியும், அதற்கு மேல், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி நின்றுவிடாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். வசதியும் கட்டாயமாயின. சிறிய பட்ஜெட்டுக்கு 2018, 2019 ஆண்டு வண்டிகளே பொருத்தமானவை என்று எனக்குப் படுகிறது: விலை இறங்கியிருக்கும், பதிவுக் காலமும் போதிய அளவு மீதமிருக்கும்.

பைக்கின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் வண்டியைக் காட்டி ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பேச்சுவழக்கில் இதை எஃப்.சி. என்பார்கள். 20 ஆண்டைத் தாண்டாத பைக்குக்கு 2022 ஏப்ரல் முதல் புதுப்பிப்புக் கட்டணமே 1,000 ரூபாய், அதன்மேல் பசுமை வரி, ஆய்வுக்கு முன் வண்டியைத் தயார்செய்யும் செலவு எல்லாம் உண்டு. பதினைந்தாயிரத்துக்குக் கிடைக்கிறது என்று 2010, 2011 ஆண்டு வண்டியை வாங்குகிறவர் இந்தச் செலவுகளையும் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று: இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகளில் பெரும்பாலானவை அதற்கென வடிவமைக்கப்பட்டவை அல்ல. பழைய கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் குழாயும் ரப்பர் வாஷர்களும் வெடித்திருக்கின்றனவா என்று பார்த்து மாற்றிவிடுங்கள், செலவு அதிகமில்லை.

4. தேடும் இடம்

தெரிந்தவர் வட்டம் முதலாவது. அலுவலகம், குடியிருப்பு, மெக்கானிக் கடை என்று சொல்லி வைத்தால் விளம்பரத்துக்கே வராத வண்டிகள் வரும். ஒரே உரிமையாளர் வைத்திருந்து நேரடியாக விற்கும் "பார்ட்டி வண்டி" கிடைத்தால் அதையே எடுங்கள்.

பழைய வண்டிகளை விற்கும் ஆட்டோ கன்சல்டிங் கடைகளில் ஒரே நாளில் பல வண்டிகளைப் பார்க்கலாம் என்பது வசதி. ஆனால் அங்கே கழுவி, பாலிஷ் போட்டு, சீட் கவர் மாற்றி நிற்கும் வண்டியின் ஆர்.சி. இன்னும் பழைய உரிமையாளர் பெயரிலேயே இருக்கும். அவரிடம் வெற்றுப் படிவங்களில் கையெழுத்து வாங்கி வைத்திருப்பார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மத்திய விதிகளின்படி, பழைய வண்டி விற்கும் வியாபாரி பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். வண்டி அவர் கைக்கு வந்தது படிவம் 29சி வழியாகத் தெரிவிக்கப்படவும் வேண்டும். கடைக்காரரிடம் அந்தச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஆர்.சி.யில் பெயருள்ள உரிமையாளரிடம் தொலைபேசியிலாவது பேசிவிட்டு மேலே நகருங்கள். பேச வைக்க மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

இணைய விளம்பரங்களில் மோசடி ஏராளம். "நான் ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிப் போகிறேன், முன்பணம் அனுப்பினால் வண்டியைப் பார்சலில் அனுப்புகிறேன்" என்று சொல்லும் விளம்பரங்களை உடனே ஒதுக்குங்கள். வண்டியை நேரில் பார்க்காமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.

கடன் கட்டாததால் ஃபைனான்ஸ் நிறுவனங்கள் பறிமுதல் செய்து ஏலம் விடும் சீசிங் வண்டிகள் மலிவுதான். ஆனால் பெயர் மாற்றத்தில் பழைய உரிமையாளரின் ஒத்துழைப்பு இருக்காது, சாவி ஒன்றே ஒன்று இருக்கும், வண்டி வெயிலிலும் மழையிலும் நின்றிருக்கும். முதல் வண்டியை அங்கே வாங்க வேண்டாம்.

5. நேரில் போவதற்கு முன் பதிவு எண்ணை வைத்துப் பாருங்கள்

விற்பவரிடம் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மத்திய அரசின் எம்.பரிவாஹன் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் மாடல், பதிவு தேதி, பதிவு முடியும் தேதி, காப்பீடு, புகைச் சான்று ஆகியவை தெரியும். உரிமையாளர் பெயர் பாதி மறைக்கப்பட்டிருந்தாலும் விற்பவர் சொன்ன பெயரோடு ஒத்துப்போகிறதா என்று கணிக்கப் போதும். அரசின் இ-செலான் தளத்தில் அதே எண்ணைக் கொடுத்தால் கட்டாத போக்குவரத்து அபராதங்கள் தெரியவரும். ஹெல்மெட் அபராதங்கள் குவிந்து கிடக்கும் வண்டிகள் அபூர்வமல்ல. அவை நிலுவையில் இருக்கும்போது பெயர் மாற்ற விண்ணப்பம் முடங்கும், ஆகவே விற்பவர் கட்டி முடித்த ரசீதைக் காட்டிய பிறகே விலை பேசுங்கள்.

திருட்டு வண்டியா என்பதை அறிய, தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையச் சேவையில் பதிவு எண், சேசிஸ் எண், என்ஜின் எண் ஆகியவற்றைக் கொடுத்துச் சோதிக்கலாம்.

எண் பலகையில் பி.ஒய். அல்லது கே.ஏ. என்று இருந்தால் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். புதுச்சேரி, கர்நாடக வண்டிகள் விலை குறைவாக வரும். ஆனால் வேறு மாநில வண்டியைப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் புதுப் பதிவு எண் வாங்கியாக வேண்டும். அதற்குப் பழைய ஆர்.டி.ஓ.விடமிருந்து படிவம் 28இல் தடையின்மைச் சான்றும், தமிழ்நாட்டுக்கான வரியும் தேவை. நாற்பதாயிரம் ரூபாய் பைக்குக்கு அந்த அலைச்சல் கட்டுப்படியாகாது. தமிழ்நாட்டுக்குள்ளேயே மதுரை வண்டியைக் கோவையில் வாங்கினால் எண் மாறாது, பயப்பட வேண்டாம்.

6. ஆர்.சி.யை வரிக்கு வரி படியுங்கள்

நகலையோ புகைப்படத்தையோ வைத்து முடிவெடுக்காதீர்கள். அசல் ஸ்மார்ட் கார்டைக் கையில் வாங்கி, பின்வருவனவற்றை அந்த இடத்திலேயே பாருங்கள்.

கடன் பதிவு: வண்டி கடனில் வாங்கப்பட்டிருந்தால் வங்கி அல்லது ஃபைனான்ஸ் நிறுவனத்தின் பெயர் ஆர்.சி.யில் இருக்கும். "கடன் எப்போதோ முடிந்துவிட்டது" என்று விற்பவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். கடன் முடிந்ததும் பதிவு தானாக நீங்கிவிடும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். நிறுவனத்தின் தடையின்மைக் கடிதமும், அது கையெழுத்திட்ட படிவம் 35உம் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போனால்தான் அந்தப் பெயர் நீங்கும். அந்தக் கடிதங்களில் பெரும்பாலும் சுமார் மூன்று மாதக் கெடு குறிப்பிட்டிருப்பார்கள். பழைய கடிதமாக இருந்தால் புதிதாக வாங்க வேண்டும், அதைக் கடன் எடுத்தவர் கேட்டால்தான் நிறுவனம் தரும். நிறுவனம் மூடப்பட்டோ வேறொன்றோடு இணைந்தோ போயிருந்தால் தலைவலி இரட்டிப்பாகும். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே: கடன் பதிவை நீக்கிய ஆர்.சி. வரும் வரை முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

உரிமையாளர் வரிசை எண்: முதல் உரிமையாளரா, மூன்றாமவரா என்பது பதிவில் இருக்கும். ஆனால் பதிவில் ஒரே உரிமையாளர், நடைமுறையில் நான்கு கை மாறிய வண்டி என்பதும் உண்டு. எதிரில் நிற்பவரின் ஆதார் அட்டையில் உள்ள பெயரும் ஆர்.சி.யில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். "மச்சான் பேர்ல இருக்கு, கையெழுத்து வாங்கித் தரேன்" என்றால் மச்சானை அழைத்துவரச் சொல்லுங்கள்.

உரிமையாளர் இறந்திருந்தால்: வாரிசுகள் இறப்புச் சான்று, வாரிசுச் சான்றுடன் படிவம் 31 கொடுத்து முதலில் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அதன்பின் அவர்களிடமிருந்து வாங்குங்கள். இறந்தவரின் பழைய கையெழுத்தைக் காட்டி முடித்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சேசிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும்: பெரும்பாலான பைக்குகளில் சேசிஸ் எண் ஹேண்டில்பாருக்குக் கீழே ஃபிரேமின் கழுத்துப் பகுதியில் பொறிக்கப்பட்டிருக்கும், என்ஜின் எண் என்ஜினின் அடிப்பகுதி உறையில் இருக்கும். கைபேசி வெளிச்சத்தில் ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். அந்த இடம் சுரண்டப்பட்டு, புதிதாக வண்ணம் பூசப்பட்டு, எழுத்துகள் வரிசை கோணலாக இருந்தால் விலை என்னவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

ஆர்.சி. தொலைந்துவிட்டது என்றால், விற்பவரே விண்ணப்பித்து நகல் ஆர்.சி. வாங்கித் தரட்டும். அதை உங்கள் வேலையாக ஏற்காதீர்கள்.

7. வண்டியைக் காலையில், என்ஜின் சூடாவதற்கு முன் பாருங்கள்

நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனவுடன் என்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காகத் தயார்செய்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். குளிர்ந்த என்ஜின் இரண்டு மூன்று உதையிலோ ஒரு செல்ஃபிலோ கிளம்ப வேண்டும். கிக்கரை அழுத்தும்போது கால் தடையின்றி இறங்கினால் என்ஜினுக்குள் போதிய அழுத்தம் (கம்ப்ரெஷன்) இல்லை.

கிளம்பியதும் சைலன்சரைக் கவனியுங்கள். குளிர்ந்த காலையில் வரும் மெல்லிய வெள்ளைப் புகை சற்று நேரத்தில் மறைந்துவிடும். ஆக்சிலரேட்டரை முறுக்கும்போதெல்லாம் நீலம் கலந்த வெண்புகை வந்தால் என்ஜின் ஆயிலைக் குடிக்கிறது. பிஸ்டன், சிலிண்டர் போர் வேலைக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். கரும்புகை கார்புரேட்டர் அல்லது ஏர் ஃபில்டர் கோளாறு, அது சிறிய செலவு. தலைப்பகுதியிலிருந்து கரகரவென்று சத்தம் வந்தால் டைமிங் செயின் தேய்ந்திருக்கிறது. ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள்: கறுப்பாக இருப்பது இயல்பு, பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது.

சென்னை, தூத்துக்குடி, திருநெல்வேலி வண்டி என்றால் இதைச் சாதாரணமாக விடாதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையிலும், அதே மாதம் தென்மாவட்டங்களிலும் ஏராளமான வண்டிகள் வெள்ளத்தில் மூழ்கின. மூழ்கிய வண்டியைக் கழுவி மின்னச் செய்துவிடலாம். ஆனால் சீட்டுக்கு அடியில், ஏர் ஃபில்டர் பெட்டிக்குள், ஹெட்லைட் கண்ணாடிக்கு உள்ளே, வயர் இணைப்புகளில் வண்டலும் துருவும் தங்கிவிடும். பி.எஸ்.6 வண்டியாக இருந்தால் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி பிறகு எப்போது வேண்டுமானாலும் மக்கர் செய்யலாம்.

மீட்டரில் உள்ள கிலோமீட்டரை அப்படியே நம்ப வேண்டாம், டிஜிட்டல் மீட்டரையும் மாற்றுகிறார்கள். இருபதாயிரம் கிலோமீட்டர் என்று காட்டும் வண்டியில் ஃபுட்ரெஸ்ட் ரப்பர் வழவழப்பாகவும், கியர் லிவர் ரப்பர் கிழிந்தும், பிரேக் பெடல் பளபளத்தும் இருந்தால் உண்மை அறுபதாயிரத்துக்குப் பக்கத்தில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கத் தேதி இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. 2021 வண்டியில் 2024 டயர் இருந்தால் அது நிறைய ஓடியிருக்கிறது என்று ஊகிக்கலாம்.

விழுந்த அடையாளங்களை ஹேண்டில் முனை, லிவர் முனை, ஃபுட்ரெஸ்ட், சைலன்சரின் ஓரம் ஆகிய இடங்களில் தேடுங்கள். சிராய்ப்புகள் யார் வண்டியிலும் இருக்கும். ஃபிரேமில் வெல்டிங் தழும்போ ஃபோர்க்கில் வளைவோ இருந்தால்தான் விட்டுவிட வேண்டும். ஃபோர்க் குழாயில் ஆயில் கசிந்தால் ஆயில் சீல் மாற்ற வேண்டும், விலையில் குறைத்துக் கேளுங்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டிலை இருபுறமும் மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் சிக்கி நின்றால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்தின் பேரிங்) போய்விட்டது.

கூடவே ஒரு மெக்கானிக்கை அழைத்துச் செல்லுங்கள். அவருக்குக் கொடுக்கும் சில நூறு ரூபாய் இந்தச் செலவுகளிலேயே மிகவும் லாபமானது. ஆனால் அந்த மெக்கானிக் விற்பவர் காட்டியவராக இருக்கக் கூடாது.

8. ஓட்டிப் பாருங்கள்

உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஹெல்மெட் அணிந்து, குறைந்தது நான்கைந்து கிலோமீட்டராவது ஓட்டுங்கள். ஒவ்வொரு கியரும் தட்டியவுடன் விழ வேண்டும், தானாக நியூட்ரலுக்கு நழுவக் கூடாது. மேட்டில் மேல் கியரில் முறுக்கும்போது சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது. பின்னால் நண்பரை இன்னொரு வண்டியில் வரச்சொல்லி, இரு சக்கரங்களும் ஒரே கோட்டில் போகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டுபவருக்குத் தெரியாத கோணல் பின்னால் வருபவருக்குத் தெரியும். திரும்பி வந்ததும் அணைத்துவிட்டு, சூடான என்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். சூட்டில் கிளம்ப மறுக்கும் வண்டி நடுச்சாலையில்தான் அந்தக் குணத்தைக் காட்டும்.

9. விலையும் பணமும்

கண்ட குறைகளை மெக்கானிக்கின் கணக்கோடு சொல்லிக் குறைத்துக் கேளுங்கள். "விலை அதிகம்" என்று பொதுவாகச் சொன்னால் ஐந்நூறு குறையும்; "செயின் செட், பின் டயர், ஆயில் சீல் மூன்றுக்கும் ஐயாயிரம் ஆகும்" என்றால் அதில் பாதியாவது குறையும்.

டோக்கன் அட்வான்ஸ் ஆயிரம் ரூபாயைத் தாண்ட வேண்டாம், அதையும் ஆர்.சி. அசலைப் பார்த்த பிறகே கொடுங்கள். முழுப் பணத்தை ஆர்.சி.யில் பெயருள்ளவரின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். பணம் அனுப்பும்போது திரையில் தெரியும் பெயர் ஆர்.சி.யோடு பொருந்தினால் அதுவே பின்னாளில் உங்களுக்குச் சாட்சி. ரொக்கமாகக் கேட்டால் தொகை, தேதி எழுதிய ரசீதில் கையெழுத்து வாங்குங்கள். படிவங்கள் கையெழுத்தாகி உங்கள் கைக்கு வரும் அதே அமர்வில் பணமும் கைமாற வேண்டும், முன்னதாக அல்ல.

விற்பனைக் கடிதத்தில் வண்டி கைமாறிய தேதியோடு நேரத்தையும் எழுதுங்கள். காலை பத்து மணிக்கு விபத்து நடந்து, மாலை நான்கு மணிக்கு நீங்கள் வாங்கியிருந்தால் அந்த ஒரு வரி உங்களைக் காப்பாற்றும். இரண்டு சாவிகளையும் கேட்டு வாங்குங்கள்.

10. பெயர் மாற்றம்: அன்றைக்கே தொடங்குங்கள்

மாநிலத்துக்குள் நடந்த விற்பனையை விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் பதிவு அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் கையில் இருக்க வேண்டியவை: அசல் ஆர்.சி., படிவம் 29 இரண்டு பிரதிகள், படிவம் 30, நடப்பிலுள்ள காப்பீடு, புகைச் சான்று, இருவரின் ஆதார் நகல், பான் அட்டை நகல் அல்லது அது இல்லாதவருக்கான படிவம் 60, புகைப்படம், தேவைப்பட்டால் கடன் நீக்கத்துக்கான படிவம் 35. படிவங்களில் உங்கள் பெயர், தேதி எல்லாவற்றையும் நிரப்பிய பிறகே விற்பவர் கையெழுத்திடட்டும். சேசிஸ் எண்ணின் பென்சில் அச்சையும் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது, கேட்டால் உடனே கொடுக்கலாம்.

பரிவாஹன் தளத்தில் விண்ணப்பிக்கும்போது பதிவில் உள்ள கைபேசி எண்ணுக்குக் குறியெண் (ஓ.டி.பி.) வரும். அந்த எண் விற்பவரிடம் இப்போது இல்லையென்றால் வேலை அங்கேயே நின்றுவிடும். அதனால் விற்பவர் எதிரில் இருக்கும்போதே, பணம் முழுவதும் கைமாறும் முன்பே, விண்ணப்பத்தைத் தொடங்கி அந்தக் கட்டத்தைத் தாண்டிவிடுங்கள். எண் மாறியிருந்தால் முதலில் அதைத் திருத்தச் சொல்லுங்கள்.

"பேர் மாத்தாமலே ஓட்டிக்கோங்க, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லும் விற்பவருக்கு ஒரு செய்தியைச் சொல்லுங்கள். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்கு உரிமையாளராகக் கருதப்படுவார் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் நவீன்குமார் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. இதைக் கேட்டதும் பெரும்பாலோர் தாமாகவே ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு வருகிறார்கள்.

11. காப்பீட்டை மறக்காதீர்கள்

2018 செப்டம்பர் முதல் புது பைக்குகளுக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு (வண்டியால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது) கட்டாயம். ஆகவே 2022இல் வாங்கிய வண்டிக்கு 2027 வரை அது இருக்கலாம். ஆனால் வண்டியின் சொந்தச் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் முதல் ஆண்டோடு முடிந்திருக்கும். இரண்டு தேதிகளையும் பாலிசியில் தனித்தனியே பாருங்கள்.

மூன்றாம் நபர் காப்பீடு வண்டியோடு உங்களுக்கு வந்துசேரும். சொந்தச் சேதப் பகுதி அப்படி அல்ல: உங்கள் பெயருக்கு மாற்றாத வரை விபத்தானால் நிறுவனம் பணம் தர மறுக்கலாம். வாங்கிய 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பியுங்கள். இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காக விற்றவர் சேர்த்து வைத்த கட்டணத் தள்ளுபடி (நோ கிளெய்ம் போனஸ்) அவருக்கே உரியது, அந்த வித்தியாசத் தொகையை உங்களிடம் வசூலிப்பார்கள்.

காப்பீடு முடிந்த வண்டியை வாங்கினால் புதுப்பித்த பிறகே சாலைக்கு எடுங்கள். பிடிபட்டால் முதல்முறை அபராதம் 2,000 ரூபாய். 75 முதல் 150 சிசி வரையிலான பைக்குக்கு மூன்றாம் நபர் காப்பீடு, 2022 ஜூன் முதல் உள்ள அட்டவணைப்படி, ஆண்டுக்கு 714 ரூபாயும் வரியும்தான். சில கடைக்காரர்கள் பழைய உரிமையாளர் பெயரிலேயே புதுப்பித்துக் கொடுப்பார்கள், அதை ஏற்காதீர்கள்.

12. ஆர்.சி. வரும் வரை

முதல் வாரத்தில் ஆயில், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், பிரேக் ஷூ ஆகியவற்றை மாற்றிவிடுங்கள். எப்போது மாற்றியது என்று விற்றவர் சொன்னதைக் கணக்கில் கொள்ள வேண்டாம்.

தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரி முதல் ஆர்.சி. விரைவு அஞ்சலில்தான் வீட்டுக்கு வருகிறது. விண்ணப்பத்தில் கதவு எண்ணோ அஞ்சல் குறியீடோ தவறாக இருந்தால் அது ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கே திரும்பிப் போய்விடும், வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். அட்டை கைக்கு வந்ததும் பெயரின் எழுத்துகள், தந்தை பெயர், சேசிஸ் எண், கடன் பதிவு நீங்கியிருக்கிறதா என்பது ஆகிய நான்கையும் சரிபாருங்கள். பிழை இருந்தால் அதே வாரத்தில் திருத்த விண்ணப்பியுங்கள். பிழை எதுவும் இல்லையென்றால் அதன் நகலைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பி, பாலிசியில் உங்கள் பெயர் ஏறிய பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள். விற்றவரின் தொலைபேசி எண்ணை அதுவரை அழித்துவிடாதீர்கள்.